சந்துக்கு ஒரு மானேஜர்

அங்கணத்தில் பாத்திரம் தேய்த்துக் கொட்டுகிறோமே, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று யோசித்ததுண்டா, சகோதரி? கண்ணுக்கு மறைந்தால் சரி என்று விட்டுவிடுகிறோம். மறையாமல் வாசலிலேயே தேங்கி நின்றால்தான் சங்கடம் தெரியும்!

கராச்சி நகரின் ஓரத்தில் ஒராங்கி என்று ஒரு பேட்டை. ஏழை உழைப்பாளிகள் லட்சக்கணக்கில் குடியேறிய இடம். வீடுகளைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள், சாக்கடைதான் இல்லை. அழுக்குத் தண்ணீரெல்லாம் சந்தில் ஓடியது. அதைத் தாண்டித்தான் குழந்தைகள் விளையாடப் போகவேண்டும். பேதியும் காய்ச்சலும் வந்தால் இரவெல்லாம் கண் விழிப்பது யார்? உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1980-ல் அங்கே வந்து சேர்ந்தார் அக்தர் ஹமீத் கான் என்ற பெரியவர். அப்போது அவருக்கு வயது 65. வெள்ளைக்காரர் காலத்து ஐ.சி.எஸ். உத்தியோகத்தை, வங்கப் பஞ்சத்தின் கோரத்தைக் கண்டபின் 1945-ல் ராஜிநாமா செய்தவர்; கொஞ்ச காலம் பூட்டு செய்யும் தொழிலாளியாகவும் இருந்தவர். ‘என்ன வேண்டும்?’ என்று ஜனங்களை விசாரித்தார். சாக்கடை வேண்டும், அதைச் சர்க்கார் இலவசமாகப் போட்டுத் தரவேண்டும் என்றார்கள்.

கான் வேறு வழி காட்டினார். ஒரு சந்தில் 20, 30 வீடுகள். அவர்கள் கூடிப் பேசித் தங்களுக்குள் ஒரு மானேஜரைப் பொறுக்க வேண்டும். பணம் வசூலிப்பதும் கணக்குச் சொல்வதும் அவர் வேலை. மேடு பள்ளம் அளப்பது, படம் போடுவது, செலவைக் கணக்கிடுவது, கருவிகளை இரவல் தருவது, இவை கானின் குழுவினர் பொறுப்பு. சாக்கடைக்கென்று ரொக்கமாகச் சல்லிக்காசு கிடையாது! காண்டிராக்டர் லாபம் மிச்சமாயிற்று. கழிப்பிடத்தையும் சேர்த்து வீட்டுக்குச் சுமார் 1,000 பாகிஸ்தான் ரூபாயில் வேலை முடிந்தது. நாளடைவில் 90,000-க்கு மேற்பட்ட வீடுகள் இப்படிச் சாக்கடை பெற்றன.

“ஏழைகள் மட்டும் ஏன் கைப்பணம் போடவேண்டும்? பங்களாக்காரர்கள் போட்டார்களா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கான் பாகம் பிரித்தார். வீட்டுக் குழாய், சந்துச் சாக்கடை, சந்துகளைச் சேர்க்கும் சாக்கடை ஆகியவை ஜனங்களுடையவை. ஊர்க் கழிவை வெளியே கொண்டுபோகும் பெருங்குழாயும் சுத்திகரிப்பும் சர்க்காருடையவை. ஜனங்கள் தங்கள் பாகத்தைச் செய்தார்கள். சர்க்கார் பாகம் பின்தங்கியது. பல சந்துகளின் கழிவு திறந்த ஓடையில்தான் போய் விழுந்தது. ஆனாலும், “எங்கள் பங்கு முடிந்தது, உங்கள் பங்கு இதோ!” என்று விரல் வைத்துக் காட்டக் கையில் படம் இருந்தது.

அந்தப் படங்களுக்காக உழைத்தவர் பர்வீன் ரஹ்மான். கட்டடக் கலை படித்த பெண்மணி. ஓடைகளையும் ஏழைகளின் குடியிருப்புகளையும் ஒன்றுவிடாமல் படத்தில் ஏற்றச் செய்தார். நிலத்தைச் சுருட்டுகிறவர்களுக்கு இப்படிப்பட்ட படங்கள் பிடிப்பதில்லை. 2013 மார்ச் 13 அன்று அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

உங்கள் தெருவுக்குப் படம் உண்டா? தண்ணீர் எந்தப் பக்கம் சரிகிறது, குழாய் எங்கே, எந்த விளக்கு எரியவில்லை என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டு மாமியையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். கவுன்சிலர் வந்தால் வாய் வலிக்க முறையிடுவதைவிடத் தாளை நீட்டுவது மேல். மாதச் செலவைப் பைசா பிசகாமல் எழுதும் கைக்கு இது ஒரு பாரமா, என்ன?