பிளக்கைக் கழட்டினா கொஞ்சம் பாருங்க

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி. எங்கள் டிவிஷனில் ஒரு அக்காவுக்குப் பிரசவ வலி. பக்கத்து லயத்து அண்ணனின் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பாதி ஏற்றத்தில் இஞ்சின் இருமி இருமி நின்னுபோச்சு. "நாலு மாசத்துல மூணாவது பிளக் தம்பி" என்றார் அண்ணன். மரக்கறி லொறிக்காரர் ஒருவர் நிறுத்தி ஏற்றிப் போனார். தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் அந்த 'மூணாவது பிளக்' எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

மூணு தடவையும் கராஜில் ஒரே வைத்தியம்தான். பழசைக் கழட்டு, புதுசைப் போடு, காசை வாங்கு. கழட்டின பிளக்கை யாருமே திருப்பிப் பார்க்கவில்லை. அதன் நுனியில்தான் இஞ்சினின் ரிப்போர்ட் இருக்கு. இளம் பழுப்பு என்றால் சுகம். காய்ந்த கரி என்றால் பெற்றோல் கூட, காற்றுக் குறைவு. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் உள்ளே ஒயில் ஏறுது. வெள்ளை வெளேரென்று வெந்திருந்தால் இஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகுது.

எங்கள் பக்கத்து ஆட்டோக்களில் நான் பார்த்தது பெரும்பாலும் கரிதான். அதுக்குக் காரணமும் இருக்கு. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழ்நாட்டு அளவுக்கு வைத்த காபரேட்டர் இங்கே காற்றுக்கு மிஞ்சின பெற்றோலை ஊற்றும். பிளக் நுனி ஏறக்குறைய 450 பாகை சூடானால்தான் படிந்த கரி எரியும். குளிரில் லயத்துக்கும் டவுனுக்கும் ஓடுற சின்ன ஓட்டத்தில் அது நடக்காது. எயார் ஃபில்டரைச் சுத்தம் பண்ணாமல், காபரேட்டரைச் சரிபண்ணாமல் நூறு பிளக் மாத்தினாலும் நூறும் கறுக்கும்.

இதைச் சொன்னால் "நம்ம பிள்ளைங்க படிச்சு மேல வரணும், கையில கிரீஸ் பூசவா?" என்று கேட்கிறாங்க. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். மேலே சொன்னது பௌதிகவியல் இல்லாமல் வேறென்ன? சாதாரண தரத்துக்கு மனப்பாடம் பண்ணினால் படிப்பு, ஸ்பானரைப் பிடித்தால் கூலிவேலையா? 2017இல் ஹட்டன் தொழிற்பயிற்சி நிலையத்திலிருந்து தொண்டமான் பெயரை எடுத்ததற்கு ஊர் ஊராக ஆர்ப்பாட்டம் நடந்தது. பலகையில் யார் பெயர் என்று சண்டை பிடித்த நாம், உள்ளே என்ன சொல்லிக் கொடுக்கிறாங்க என்று கேட்டோமா?

எல்லாரும் மெக்கானிக் ஆகணும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வண்டி எதனால் நிற்குது என்று உங்களுக்குத் தெரியணும். இஞ்சின் ஆறினதும் பிளக்கைக் கழட்டுங்க. நிறத்தைப் பாருங்க, இடைவெளியை ஃபீலர் கேஜால் அளங்க. திரும்பப் போடும்போது முதலில் கையாலேயே திருகுங்க, கடைசியில் மட்டும் ஸ்பானர். பலத்தைக் காட்டினால் அலுமினியப் புரி போயிரும், அப்புறம் செலவு பிளக்கோடு நிற்காது.

அடுத்த தடவை கராஜில் "பிளக் போச்சு" என்று சொன்னால், "பழசைக் காட்டுங்க பாஸ், ஏன் போச்சு?" என்று கேளுங்க. நூற்றாண்டுக்கும் மேலாக நம்ம ஆட்கள் பதில் சொல்லிப் பழகிட்டாங்க. நாம் கேள்வி கேட்டுப் பழகுவோம்.