ராஜமாதா என்றால் ஜிஜாபாய் மட்டும்தானா?

மகாராஷ்டிராவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நம்மாட்களுக்குத் தெரிந்திருக்கும். நாலாம் வகுப்பு வந்துவிட்டால் வீடு முழுக்க சிவாஜி மகராஜ்தான். கூடவே ராஜமாதா ஜிஜாபாய். நல்ல விஷயம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அரசனின் அம்மா என்றால் இப்படித்தான் என்று ஓர் அச்சு பிள்ளைகள் மனதில் விழுந்துவிடுகிறது. அந்த அச்சில் அடங்காத ஒரு அம்மாவைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன்.

பெயர் உதம் பாய். டில்லியில் ஆடிப் பிழைத்த பெண். முகலாய பாதுஷா முகம்மது ஷாவின் அந்தப்புரத்துக்குள் ஆசைநாயகியாகப் போனவர். 1725-ல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். 1748-ல் முகம்மது ஷா இறந்ததும் அந்த மகன் அகமது ஷா பகதூர் என்ற பெயரில் பாதுஷா ஆனான். அம்மா 'நவாப் குத்சியா' ஆனார். 50,000 குதிரைக்கான மன்சப் அவருக்கு வழங்கப்பட்டது. பெரிய பெரிய அமீர்கள் அவர் வாசலில் காத்துக்கிடந்து, திரைக்குப் பின்னாலிருந்து வரும் உத்தரவைக் கேட்டுக்கொண்டு போனார்கள். அவருக்கு நெருக்கமான அந்தப்புர அதிகாரி ஜாவேத் கான் வைத்ததுதான் சட்டம்.

பிறகு என்ன ஆயிற்று? 1752-ல் வஜீர் சப்தர் ஜங் விருந்துக்குக் கூப்பிட்டு ஜாவேத் கானைக் கொன்றார். 1754 மே மாதம் சிக்கந்தராபாத் அருகே பாதுஷாவின் முகாமை மல்ஹார்ராவ் ஹோல்கரின் மராட்டியப் படை தாக்கியது. அம்மாவும் மகனும் தப்பி டில்லிக்கு ஓடினார்கள், அந்தப்புரப் பெண்கள் பலர் பின்னால் மாட்டிக்கொண்டார்கள். ஜூன் 2-ஆம் தேதி இமாத்-உல்-முல்க் அகமது ஷாவை இறக்கிவிட்டு வேறொருவரை அரியணையில் ஏற்றினார். அம்மா, மகன் இருவரையும் சிறை வைத்துக் கண்களைப் பறித்தார்கள். மொத்தம் ஆறே வருஷ ஆட்சி.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக எப்படி முடிப்பார்கள் தெரியுமா? "ஆட்டக்காரி கையில் ராஜ்யத்தைக் கொடுத்தால் இப்படித்தான்." எனக்கு ஒப்பாதது இந்த ஒரு வரிதான்.

அவர் செய்த தப்புகள் இல்லையா? நிறைய உண்டு. சிப்பாய்களுக்கு மாதக்கணக்கில் சம்பள பாக்கி நிற்கும்போது தன் பிறந்தநாளுக்கு 2 கோடி ரூபாய் செலவழித்தார் என்கிறார்கள். சம்பளம் கிடைக்காத சிப்பாய்கள் அரண்மனை வாசலில் ஒரு கழுதையையும் ஒரு பெட்டை நாயையும் கட்டிவைத்து, "இதுதான் நவாப் பகதூர், இதுதான் குத்சியா, வணங்கிவிட்டுப் போ" என்று வந்தவர்களை வம்புக்கு இழுத்தார்கள். மாதச் சம்பளத்தில் வாழும் நமக்கு அந்தக் கோபம் புரியாதா என்ன :-)

ஆனால் கவனியுங்கள். அது கணக்கு வழக்கு பற்றிய குற்றச்சாட்டு, பிறப்பு பற்றியது அல்ல. கஜானா காலியானது அவரால் மட்டுமா? 1739-லேயே நாதிர் ஷா டில்லியைத் துடைத்துவிட்டு மயிலாசனத்தையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். 22 வயது மகனுக்கு அரசாங்கத்தை நடத்தக் கற்றுக்கொடுக்காமல் அந்தப்புரத்திலேயே வளரவிட்ட பொறுப்பு அப்பா பாதுஷாவுக்கு இல்லையா? அவர் பெயரை இந்தப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை.

அதே வருஷங்களில் நான் இருக்கும் இந்தத் தளேகாவில் என்ன நடந்தது என்று பாருங்கள். இது சேனாபதி தாபாடே குடும்பத்தின் ஊர். சேனாபதி கண்டேராவின் மனைவி உமாபாய், முறைப்படி தாலி கட்டிய பெரிய வீட்டுப் பெண். மகன் திரிம்பக்ராவ் 1731-ல் பாஜிராவோடு நடந்த சண்டையில் இறந்தபின் குடும்பப் பொறுப்பு அவர் தலையில். 1750-51-ல் தாராபாயோடு சேர்ந்து பேஷ்வாவை எதிர்த்தார், தோற்றார், கைதானார், 1753-ல் இறந்துபோனார். குலம் கோத்திரம் எல்லாம் இருந்தும் அவருக்கும் தோல்விதான்.

நம்ம தஞ்சாவூரிலும் ஒரு கதை உண்டு. 1739-ல் அரியணை ஏறிய பிரதாபசிங், துக்கோஜி மன்னரின் பட்டத்து ராணிக்குப் பிறந்தவர் அல்ல. வாளை வைத்து மணந்த அன்னபூர்ணாவின் மகன். ஆசைநாயகி மகன் என்று அவரைக் குறைத்துப் பேசியவர்கள் உண்டு. ஆனால் 1763 வரை, அதாவது 24 வருஷம், ஆண்டார். சீனாவிலும் ஆசைநாயகியாக அரண்மனைக்குள் போன சிக்ஸியின் மகன் 1861-ல் பேரரசன் ஆனான். அந்த அம்மா 1908-ல் சாகும்வரை பெரும்பாலும் அதிகாரம் அவர் கையில்தான்.

ஆக, பிறப்பை வைத்துப் பார்த்தால் எந்தக் கணக்கும் சரியாக வரவில்லை. ஆடினவள் மகன் கவிழ்ந்தான், ஆசைநாயகி மகன் நிலைத்தான், சேனாபதி மனைவி தோற்றாள்.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், ஊர் விட்டு ஊர் வந்த நமக்கே "நீங்க எந்த ஊர், என்ன ஆளுங்க" என்ற கேள்வி ஒரு ஆளை எடைபோடும் குறுக்குவழி என்று நன்றாகத் தெரியும். அந்தக் கேள்வியால் காயப்பட்டவர்கள் வீட்டுப் பேச்சில் அதையே அடுத்தவர்மேல் வீசக்கூடாது. பிள்ளைகளுக்கு ஜிஜாபாயைச் சொல்லிக்கொடுங்கள். உதம் பாயையும் சொல்லிக்கொடுங்கள். அந்த 2 கோடி ரூபாய்க்காகத் தாராளமாகத் திட்டட்டும். காலில் கட்டியிருந்த சலங்கைக்காகத் திட்ட வேண்டாம்.