பின்னலா? உள்ளடுக்கா?

வாழப்பாடியின் கமுகந் தோப்புகளை அறிந்தோர் இதனை அறிவர். கமுகின் மட்டை தண்டைத் தழுவி மூடி நிற்கும், மட்டைக்குள் பாளை, பாளைக்குள் பூங்கதிர். மட்டை கழன்று விழுந்த பின்னரே பாளை வெளிப்படும். பாளை பிளந்த பின்னரே கதிர் விரியும். ஒன்று மற்றொன்றனுள் முழுமையாய் அடங்கியுள்ளதேயன்றி, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டிருக்கவில்லை. இதனைப் 'பின்னல்' என்று அவ்வூர்ச் சிறுவனும் சொல்லான்.

கணினி நிரலுக்கும் இவ்வமைப்பே அடிப்படை. 1960-இல் வெளிவந்த அல்கால் 60 என்னும் நிரல்மொழி, கட்டளைத் தொகுதிக்குள் தொகுதியை அடக்கும் முறையை நிலைநாட்டியது. பின்வந்த மொழிகள் பலவும் அவ்வழியே செல்கின்றன. 12 வரிசையும் வரிசைக்கு 10 மரமும் உள்ள தோப்பை எண்ணும் நிரலில், வரிசைகளுக்குரிய மடக்கினுள் மரங்களுக்குரிய மடக்கு அடங்கும். உள்மடக்கு பத்து முறை ஓடி முடிந்த பின்னரே வெளிமடக்கு அடுத்த வரிசைக்கு நகரும். இவ்வாறே 120 மரமும் எண்ணப்படும்.

இவ்வமைப்பைத் தமிழ்நாட்டு மேனிலைப் பள்ளிக் கணினிப் பொத்தகங்கள் 'பின்னலான' என்னும் அடைமொழியால் குறிக்கின்றன. மடக்கு, கூற்று, மாறி, செயற்கூறு என நற்சொற்களை வழங்கிய அப்பொத்தகங்கள் பாராட்டுக்குரியனவே. ஆயின் 'பின்னல்' பொருந்தாச் சொல் மட்டுமன்று. நேர்மாறான பொருள் தரும் சொல்.

கூந்தலைப் பின்னும்போது புரிகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும். நிரலில் அவ்வாறு கடத்தலே பிழை! இணையப் பக்கங்களை எழுதும் மொழியில் ஒரு குறிக்குள் மற்றொரு குறியைத் திறந்தால், உள்ளே திறந்ததை முதலில் மூடவேண்டும். வீட்டுக்குள் அறை, அறைக்குள் பெட்டி. பெட்டியை மூடாமல் எவரும் தெருக்கதவைச் சாத்துவதில்லை. 1998-இல் வரையறுக்கப்பட்ட எக்சுஎம்எல் என்னும் குறிமொழி, குறிகள் குறுக்கிட்ட ஆவணத்தை ஏற்பதேயில்லை. ஆகப் பிழைக்குரிய பெயரை நெறிக்குச் சூட்டியிருக்கின்றனர்.

இஃது எளிய குற்றமன்று. ஆங்கிலவழிப் பிள்ளைக்குக் கிடைக்கும் சொல் பறவைக் கூட்டைக் காட்டுகிறது. அவன் உள்ளடங்கலை உணர்கிறான். வாழப்பாடியில் தமிழ்வழி பயிலும் உழவன் மகளுக்கோ, சொல் சடையைக் காட்டுகிறது. அவள் குழம்பினால், 'தமிழில் கணினி கற்க இயலாது' என்று பழி தமிழ்மேல் விழுகிறது. பழுது மொழியிலா? சொல்லைத் தேர்ந்த கையிலன்றோ!

உள்ளடங்கல் தமிழுக்குப் புதிதுமன்று. தொல்காப்பியம் மூன்று அதிகாரம், அதிகாரத்துக்கு ஒன்பது இயல், இயலுக்குள் நூற்பாக்கள். ஓரியலில் பாதியும் மற்றோரியலில் பாதியுமாய்க் கிடக்கும் நூற்பா ஒன்றேனும் உண்டா?

சேலம் நகராட்சிக் கல்லூரியில் 1944 முதல் 1956 வரை பணியாற்றிய மொழிஞாயிறு பாவாணர், சொல்லின் வேரையும் பொருளையும் ஆராய்வதையே வாழ்நாட் பணியாகக் கொண்டார். அவர் நடந்த மண்ணிலேயே பொருள் திரிந்த சொல்லைப் பிள்ளைகள் உருப்போடுவது தகுமா?

'உள்ளடுக்கு' என்க. 'உள்' அடங்கலையும், 'அடுக்கு' படிப்படியான நிலைகளையும் உணர்த்தும். உள்ளடுக்கு மடக்கு, உள்ளடுக்குக் கூற்று எனத் தடையின்றிப் புணரும். இதனினும் சிறந்த சொல் கிடைப்பின் அதனையே கொள்க. ஆனால் அடுத்த பதிப்பிலேனும் 'பின்னல்' நீங்குக! தமிழ் என்பதனால் மட்டும் ஒரு சொல் கலைச்சொல்லாகிவிடாது. பொருளைப் பிழையின்றிக் காட்டுங்கால்தான் அது தமிழுக்குத் தொண்டு செய்கிறது.