ஒப்பமிடுவதற்கு முன் கொஞ்சம் ஆங்கிலம்

நம்மவர்களில் பலர் கடைப் பலகையில் ஆங்கிலத்தில் பெயர் எழுதி வைத்திருக்கிறோம். கடைக்கு வரும் ஆங்கிலக் கடதாசியை வாசிக்க மட்டும் ஆள் தேடுகிறோம். நமுனுகுலவில் பலசரக்குக் கடை நடத்தும் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் வங்கிக் கடனுக்குப் பிணை நின்றேன். பிணையாளர் மூன்று பேர். கடன் ஒன்பது இலட்சம். ஆளுக்கு மூன்று இலட்சம்தானே என்று மனக்கணக்குப் போட்டு ஒப்பமிட்டுவிட்டேன். பத்திரத்தில் 'ஜொயின்ட்லி அன்ட் செவரலி' என்று மூன்று சொற்கள் இருந்தன. 'செவரல்' என்றால் 'பல' என்று பள்ளியில் படித்த ஞாபகம். பத்திரத்தில் அதற்குத் 'தனித்தனியாக' என்று பொருளாம். கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு; அதாவது மூவரில் எவரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம். நண்பர் கடையை மூடிவிட்டுப் போனார். மற்ற இருவரிடமும் எடுக்க எதுவுமில்லை. லொறியை விற்றுக் கட்டியது நான். வங்கியில் குற்றமில்லை, எழுதியிருந்ததைத்தான் கேட்டார்கள்.

1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று, ஆங்கிலம் இணைப்பு மொழியாயிற்று. தமிழில் படிவம் கேளுங்கள், கேட்க வேண்டும். ஆனால் கொழும்பு நான்காம் குறுக்குத் தெருவிலிருந்து வரும் பில்லும், திரும்பி வரும் காசோலையோடு வரும் துண்டும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தானே வருகின்றன?

அந்தத் துண்டையே எடுங்கள். 'ரிஃபர் டு டிராயர்' என்றால் காசோலை எழுதியவரிடமே போய்க் கேள் என்று பொருள். அனேகமாகக் கணக்கில் காசில்லை. 'எஃபெக்ட்ஸ் நொட் ரியலைஸ்ட்' என்றால் அவர் போட்ட பணம் இன்னும் சேரவில்லை, பொறுத்துப் போடலாம். முதலாவதற்குப் பொறுமையாக இருந்தாலும், இரண்டாவதற்குச் சண்டை பிடித்தாலும் நட்டம் நமக்குத்தான்.

முப்பது நாளில் சரளமாகப் பேசலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். எல்லப் பக்கம் வெள்ளைக்காரருக்கு அறை விடுபவருக்கு அது உதவும், மறுக்கவில்லை. நமக்கு முதலில் வேண்டியது பேச்சல்ல, வாசிப்பு. இலக்கணமும் அந்த அளவுக்குத்தான். 'பெய்ட்' என்றால் கட்டியாயிற்று, 'டு பி பெய்ட்' என்றால் இனித்தான் கட்ட வேண்டும். 'மே' என்றால் செய்யலாம், 'ஷல்' என்றால் செய்தே ஆக வேண்டும். இந்த நான்கையும் பிரித்தறியாதவர் எந்த ஒப்பந்தத்தையும் தொடக்கூடாது என்பேன்.

நம் தோட்டத்து மக்கள் 'லைன்' என்பதை லயமாகவும் 'பரேட்' என்பதைப் பெரட்டாகவும் ஆக்கிக்கொண்டவர்கள். செக்ரோலில் பேர் விழுந்ததா என்று கேட்காத நாளில்லை. காதால் இவ்வளவு பிடித்த இடத்தில் கண்ணால் பிடிக்க முடியாதா?

சித்தி லெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கிய காலத்திலேயே நவீன கல்வி வேண்டும், ஆங்கிலமும் வேண்டும் என்று வாதாடினார். மிஷன் பள்ளிக்குப் போனால் பிள்ளை மதம் மாறிவிடும் என்று அன்று பயந்தார்கள். அதில் நியாயமும் இருந்தது. இன்று நம்மைத் தடுப்பது வெட்கம். ஐம்பது வயதில் எழுத்துக் கூட்டினால் கடைப் பையன் சிரிப்பான் என்ற வெட்கம்.

நான் மகளிடம்தான் படிக்கிறேன். கடை சாத்தியபின் அன்றைய பில்கள்தான் பாடப் புத்தகம். "வாப்பா, இதை வாசிக்காமலா சைன் வச்சீங்க?" என்று அவள் ஒருநாள் காட்டியது, சரக்கு இறக்கும் துண்டின் அடியில் இருந்த பொடி எழுத்து. பொருட்கள் சரியாகவும் நல்ல நிலையிலும் கிடைத்தன என்று அதில் அச்சடித்திருக்கிறது. எண்ணுவதற்கு முன்பே இத்தனை வருடமாக அதற்கு ஒப்பமிட்டு வந்திருக்கிறேன்.

போன மாதம் பதுளையிலிருந்து சீனி வந்தது. ஒப்பத்துக்குக் கீழே 'சப்ஜெக்ட் டு கவுன்ட்' என்று எழுதினேன். எண்ணிப் பார்த்த பிறகே உறுதி என்று பொருள். "முதலாளி இங்கிலீஷ் எல்லாம் எழுதுறாரே" என்று லொறிக்காரத் தம்பி சிரித்தார். இரண்டு மூடை குறைந்தது. அடுத்த லொறியில் அந்த இரண்டும் வந்து சேர்ந்தன.