இல்லத்தில் உடற்பயிற்சி: தேவை ஒரு தமிழ்க்குரல்

உடல் என்பது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனைப் பழுதின்றிப் பேணுவது கடமை என்பதில் எவர்க்கும் ஐயம் இருக்க முடியாது. எனினும், அக்கடமையை நிறைவேற்றும் வாய்ப்பு எல்லார்க்கும் ஒத்த அளவில் வாய்த்துள்ளதா என்று வினவினால், இல்லை என்றே விடை கூற வேண்டியுள்ளது. ஆடவர் அதிகாலையில் ஏரிக்கரையில் நடக்கின்றனர். இளைஞர் மாலையில் மைதானத்தில் பந்தாடுகின்றனர். வீட்டிலும் தறியிலும் பொழுதைக் கழிக்கும் பெண்டிர்க்கு வழி யாது?

அண்மைக் காலத்தில் அவர்கட்கு ஒரு வழி திறந்துள்ளது. கைப்பேசியில் தொடக்கநிலைக் காணொளி ஒன்றை வைத்துக்கொண்டு, ‘பிலாட்டீஸ்’ என்னும் பயிற்சியை வீட்டிலேயே கற்கும் வழக்கம் நம் மாணவியரிடையேயும் மெல்லப் பரவி வருகிறது. இதனை வரவேற்பதா, விலக்குவதா என்று பெற்றோர் சிலர் தயங்குகின்றனர். வரவேற்கத்தான் வேண்டும், ஆனால் அதிலுள்ள ஒரு பெருங்குறையை நீக்கிக்கொண்டு வரவேற்க வேண்டும். அக்குறை மொழியைப் பற்றியது. ஆகவே அதனை நீக்கும் பொறுப்பு தமிழ் படித்தவர்களாகிய நமக்கே உரியது என்பது எம் கருத்து.

தறியும் முதுகும்

பரந்த ஏரியும், சோழர் காலக் கல்வெட்டுகளைத் தாங்கிய திருக்கோயிலும் உடைய ஊர் தென்னேரி. அதனை உள்ளடக்கிய காஞ்சிபுரம் வட்டாரமோ பட்டு நெசவால் உலகறிந்தது. குழித்தறியில் அமரும் நெசவாளர் குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு, மிதிப்பலகையை மாறி மாறி மிதித்து, நாடாவைச் செலுத்தி, பாவின்மீது கண்பதித்து, முன்குனிந்தே நாளைக் கழிக்கின்றனர். கரைக்கும் உடலுக்கும் வேறுவேறு நிறம் அமையும் கோர்வைப் புடவையாயின், துணையாள் ஒருவரும் உடன் அமர வேண்டும். புடவையை வாங்குவோர் கண்ணுக்குச் சரிகையின் ஒளி தெரிகிறது. நெய்தவரின் முதுகுவலி தெரிவதில்லை.

2019-20-ஆம் ஆண்டின் நான்காம் அனைத்திந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் நெசவிலும் அதன் துணைத்தொழில்களிலும் ஈடுபட்டோர் 35 இலட்சத்துக்கும் மேற்பட்டவர். அவர்களுள் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் பெண்கள். தறிவேலை முடிந்ததும் அவர்கட்கு அடுக்களை வேலை காத்திருக்கிறது. ‘நாள் முழுதும் உழைக்கும் பெண்ணுக்கு உடற்பயிற்சி எதற்கு?’ என்று கேட்கும் பெரியோர் உளர். உழைப்பு வேறு, பயிற்சி வேறு. உழைப்பு ஒரே தசையை ஒரே நிலையில் மீண்டும் மீண்டும் வருத்துகிறது. பயிற்சியோ உழைப்பில் சோர்ந்த தசையைத் தளர்த்தி, உறங்கிக் கிடக்கும் தசையை எழுப்புகிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரையிலான மிதமான உடலியக்கத்தோடு, தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியை வாரத்தில் இரண்டு நாளேனும் செய்ய வேண்டும் எனத் தனியே வலியுறுத்தியிருப்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

அடைபட்ட இடத்தில் வளர்ந்த பயிற்சி

இப்பயிற்சியை வகுத்தவர் ஜோசப் பிலாட்டீஸ் என்னும் ஜெர்மானியர். 1883-இல் பிறந்த அவர், இளமையில் ஆஸ்துமா முதலிய நோய்களால் நலிவுற்றவர். முதல் உலகப்போர் மூண்டபோது இங்கிலாந்தில் இருந்தமையால், பகைநாட்டவர் என்ற காரணத்தால் சிறைவைக்கப்பட்டு, ஐல் ஆஃப் மேன் தீவின் முகாமிலும் அடைபட்டிருந்தார். அங்கே அவருக்குக் கிடைத்தவை கொஞ்சம் தரையும் மிகுந்த நேரமுமே. தாம் அறிந்த உடற்பயிற்சிகளை அவ்விடத்திற்கேற்ப வளர்த்து, உடனிருந்தோர்க்கும் கற்பித்தார். 1926-இல் அமெரிக்கா சென்று, தம் துணைவியார் கிளாராவுடன் நியூயார்க்கில் பயிற்சிக்கூடம் நடத்தினார். 1945-இல் வெளியான அவர்தம் நூலில் தரையில் செய்யத்தக்க 34 பயிற்சிகள் விளக்கப்பட்டுள்ளன. தம் முறைக்கு அவர் இட்ட பெயர் ‘கன்ட்ராலஜி’, அதாவது உடலை உள்ளத்தின் கட்டுப்பாட்டில் வைக்கும் கலை. 1967-இல் அவர் மறைந்தார். அவர்தம் குடும்பப் பெயரே பயிற்சிக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

நான்கு சுவருக்குள் அடைபட்டிருந்த ஒருவர் வளர்த்த பயிற்சி, வீட்டைவிட்டு வெளியேற வாய்ப்பில்லாத ஒருவருக்குப் பொருந்துவதில் வியப்பில்லை. ஓடவேண்டியதில்லை, குதிக்கவேண்டியதில்லை. ஓர் ஆள் படுக்கும் இடம் போதும். கோரைப்பாயின்மீது ஜமக்காளத்தை மடித்து விரித்துக்கொண்டால் முதுகெலும்பு தரையில் உறுத்தாது. கதவைத் தாழிட்டுக்கொண்டு, தளர்ந்த உடையிலேயே செய்யலாம். நாணத்திற்கும் ஊறில்லை, மார்க்க ஒழுங்கிற்கும் ஊறில்லை.

பயன் யாதெனில், அதனை மிகைப்படுத்தாமல் கூறவேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்னும் பன்னாட்டு அமைப்பு, நாட்பட்ட இடுப்புவலிக்குப் பிலாட்டீஸ் பயன்படுமா என்பது குறித்து நடந்த 10 ஆய்வுகளை 2015-இல் சீர்தூக்கியது. அவற்றில் பங்கேற்றோர் 510 பேர். ஏதும் செய்யாதிருப்பதைவிட இப்பயிற்சி வலியைக் குறைக்கக் கூடும். ஆனால் பிற உடற்பயிற்சிகளைவிட இது சிறந்தது என்பதற்குத் திட்டவட்டமான சான்று இல்லை என்பதே அம்மதிப்பீட்டின் சாரம். எனவே இது மாமருந்து அன்று. செய்யக்கூடிய பயிற்சிகளுள் ஒன்று. வீட்டிலேயே செய்யக்கூடியது என்பதே இதன் சிறப்பு.

திரை காட்டும், திரை காணாது

திரையைப் பார்த்துப் பயிலும் வழக்கம் புதிதன்று. 1982-இல் அமெரிக்க நடிகை ஜேன் ஃபோண்டாவின் உடற்பயிற்சி ஒளிப்பேழை வெளிவந்து, இலட்சக்கணக்கான இல்லங்களுக்குள் புகுந்தது. ஒளிப்பேழை மறைந்து குறுந்தகடு வந்தது; அதுவும் மறைந்து இன்று கைப்பேசி வந்துள்ளது. கருவி மாறினும் குறை மாறவில்லை. ஆசிரியர் மாணவரைக் காண்கிறார், தவறினால் திருத்துகிறார். திரையிலுள்ளவரோ நம்மைக் காண்பதில்லை. நம் முதுகு வளைந்ததா, தோள் உயர்ந்ததா, மூச்சு நின்றதா என்பது அவருக்குத் தெரியாது.

மற்றொன்றும் உண்டு. பிலாட்டீஸ் என்னும் பெயருக்கு ஒருவர் மட்டும் உரிமை கொண்டாட இயலாது, அது ஒரு பயிற்சி முறைக்குரிய பொதுப்பெயரே என்று 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் பெயர் எல்லார்க்கும் உரியதாயிற்று. கற்றவரும் அப்பெயரால் காணொளி வெளியிடலாம், கல்லாதவரும் வெளியிடலாம். ஆகவே பெயரை மட்டும் நம்பிப் பயிற்சியில் இறங்குதல் தகாது. கற்பிப்பவர் யார், எங்குப் பயின்றவர், தொடக்கநிலையோர்க்கு எளிய மாற்றுமுறை கூறுகிறாரா என்பவற்றை முதலில் நோக்கவேண்டும்.

‘நூறு’ என்னும் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். மல்லாந்து படுத்து, தலையையும் கால்களையும் உயர்த்தி, நீட்டிய கைகளைச் சிறிதளவு மேலும் கீழும் அசைத்தவாறு, ஐந்து எண்ணும்வரை மூச்சை உள்வாங்கி, ஐந்து எண்ணும்வரை வெளிவிட வேண்டும். பத்து முறை செய்தால் நூறு நிறைவுறும். தொடக்கநிலையினர் தலையைத் தரையிலேயே வைத்து, முழங்காலை மடித்துப் பாதத்தை ஊன்றிச் செய்தால் போதுமானது. இதனைக் கூறாத காணொளியைப் பார்த்து முதல்நாளே முழுப்பயிற்சியில் இறங்கினால் கழுத்தே முதலில் நோகும். எலும்புத் தேய்வு உடையோர், முதுகுத்தட்டு விலகியோர், கருவுற்றோர் ஆகியோர் மருத்துவரைக் கேளாது தொடங்குதல் கூடாது.

செவியே ஆசான்

இனி நாம் கூறவந்த குறைக்கு வருவோம். தறிவீட்டிலிருந்து வந்து பயிலும் மாணவி ஒருவர் ஒருநாள் எம்மிடம் கூறினார்: “அம்மா, மல்லாந்து படுக்கச் சொல்கிறார்கள். படுத்தபின் கைப்பேசி கண்ணுக்குத் தெரியவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்ததில் கழுத்துதான் வலிக்கிறது.” “காதால் கேட்டுச் செய்யலாமே, அம்மா” என்றோம். “கேட்டால் விளங்கவில்லையே, அம்மா. ‘கோர்’ என்கிறார்கள், ‘நியூட்ரல் ஸ்பைன்’ என்கிறார்கள். அவை உடம்பில் எங்கே இருக்கின்றன என்று எனக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

இவ்வினா எம்மைச் சிந்திக்க வைத்தது. நின்று செய்யும் பயிற்சிக்குக் கண் போதும். படுத்தும் கவிழ்ந்தும் செய்யும் பயிற்சிக்குக் கண் உதவாது, செவியே உதவும். அங்கே குரலே ஆசான். அக்குரல் பேசும் மொழி புரியாவிடில் ஆசானே இல்லை என்றாகிறது. ‘தமிழில்’ என்று அறிவித்துக்கொள்ளும் காணொளிகள் சிலவற்றையும் கேட்டோம். ‘கோர் என்கேஜ் பண்ணுங்க, ஸ்பைன் நியூட்ரலா வச்சுக்குங்க’ என்கின்றன. பெயரெல்லாம் ஆங்கிலம், வினைமுற்று மட்டுமே தமிழ்.

அதற்காக அகராதியைப் புரட்டி அருஞ்சொற்களை ஆக்கித் தரவேண்டும் என்று நாம் கூறவில்லை. ‘நடுநிலை முள்ளந்தண்டு’ என்று மொழிபெயர்த்தால் அம்மாணவிக்கு அதுவும் விளங்காது. ‘இடுப்பின் பின்புறத்தைத் தரையோடு அழுத்தவும் வேண்டாம், வில்போல் தூக்கவும் வேண்டாம், விரல்கள் நுழையும் அளவு இடைவெளி இருக்கட்டும்’ என்றால் விளங்கும். ‘வயிற்றை உள்ளிழுத்து மூச்சை அடக்காதீர்கள், தொப்புளுக்குக் கீழுள்ள பகுதியை மட்டும் மெல்ல உள்ளே சேர்த்து, மூச்சை விலாப்பக்கம் விரியவிடுங்கள்’ என்றால் விளங்கும். ‘பாயைச் சுருட்டுவதுபோல் முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகத் தரையிலிருந்து எடுங்கள்’ என்றால் கண்ணை மூடிக்கொண்டே செய்துவிடலாம்.

நம் தறிக்கூடத்தில் பாவு, ஊடை, நாடா, விழுது, அச்சு என ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு சொல் உண்டு. பள்ளி செல்லாத சிறுவனும் அச்சொற்களைச் செவிவழியே கேட்டுத் தொழில் கற்றான். தறியின் உறுப்புகளுக்கெல்லாம் வழக்கில் சொல் வைத்திருக்கும் ஒரு சமுதாயம், தன் உடலின் உறுப்புகளை மட்டும் அயல்மொழியில் கேட்டு விழிப்பது முறையன்று.

குரல்வழிக் கற்பித்தல் நம் நாட்டில் வென்று காட்டப்பட்ட முறையாகும். 1960-களில் திருச்சி வானொலி நிலையத்தின் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டே தஞ்சை உழவர்கள் ஏ.டி.டீ. 27 என்னும் புதிய நெல்வகையைப் பயிரிட்டனர். அதனால் அந்நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வழங்கலாயிற்று. படம் இல்லை, நேரில் ஆசிரியர் இல்லை. உழவனுக்குப் புரியும் தமிழில் ஒரு குரல் இருந்தது, அது போதுமானதாயிற்று.

நம் துறையின் கடமை

எனவே ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறோம். நம் கல்லூரியின் தமிழ்த்துறையும் உடற்கல்வித்துறையும் இணைந்து, தொடக்கநிலையினர்க்கான இருபது நிமிட ஒலிப்பதிவு ஒன்றை உருவாக்குதல் வேண்டும். இயன்முறை மருத்துவர் ஒருவர் பயிற்சிகளைத் தேர்ந்து, எச்சரிக்கைகளை வகுத்துத் தரட்டும். சொற்களைத் தமிழ்த்துறை தரட்டும். ஒலிப்பதிவே போதுமாகையால் கற்பிக்கும் பெண்ணின் முகமோ உருவமோ வெளிவர வேண்டியதில்லை. தம் மகளிர் காணொளியில் தோன்றுவதை விரும்பாத குடும்பத்தாரும் இதற்குத் தடை சொல்லார். எழுதிய வாக்கியம் சரியா என்பதை அறிய ஒரு தேர்வும் உண்டு. எழுத்தறியாத தாய் ஒருவரைக் கண்மூடிப் படுக்கச் செய்து அதனைப் படித்துக் காட்ட வேண்டும். அவர் பிறர் உதவியின்றிச் சரியாகச் செய்தால் அவ்வாக்கியம் தேறியது. செய்யாவிடில் பிழை அவருடையதன்று, நம்முடையது, திருத்தி எழுதவேண்டும். எம் மாணவியர்க்கு இதனினும் நல்ல உரைநடைப் பயிற்சி வேறு இருக்க முடியாது.

வீட்டில் பயில்வோர் தனித்துப் பயிலாமல் தாயும் மகளுமாக, நாத்தனாரும் அண்ணியுமாக இருவர் இருவராய்ப் பயில்வது நன்று. ஒருவர் செய்ய மற்றவர் பார்த்துத் திருத்தலாம். திரைக்கு இல்லாத கண்ணை அவ்வாறு நாமே அமைத்துக்கொள்ளலாம். வலி தோன்றினால் உடனே நிறுத்தவேண்டும். எண்ணிக்கையைவிட ஒழுங்கே முதன்மையானது.

‘அயல்நாட்டுப் பயிற்சி நமக்கு எதற்கு?’ என்று வினவும் பெரியோர்க்குப் பணிவுடன் ஒன்று கூறுவோம். நல்லறிவு எங்கிருந்து வரினும் ஏற்றுக்கொண்ட மரபு நம்முடையது. ஏற்றதை நம் மொழியில் நமதாக்கிக் கொள்வதும் அம்மரபின் பகுதியே. நாள் முழுதும் தறியில் குனிந்திருந்த ஒரு பெண், இரவு வேலையெல்லாம் முடிந்தபின் பாயை விரித்துப் படுத்து, தனக்குப் புரியும் தமிழைக் கேட்டுத் தன் முதுகை மெல்ல நிமிர்த்திக்கொள்ளட்டும். அதற்கான சொற்களை எழுதித் தரும் பணியை இவ்வாண்டே தொடங்குவோமாக.