இயங்காத காணொளிகளும் எமது கடமையும்

சங்கத்தார் இம்மலரை முன்னிட்டு விடுத்த வேண்டுகோள்களுள் ஒன்று, கல்லூரி விழாக்களையும் விளையாட்டுப் போட்டிகளையும் நாடகங்களையும் ஆசிரியர் பிரியாவிடைகளையும் பதிந்த காணொளிகள் எவரிடமேனும் இருப்பின் அனுப்பியுதவுக என்பது. அதற்குப் பயன் யாம் எதிர்பார்த்ததினும் மிகுதியாகவே விளைந்தது. கொழும்பு, இலண்டன், ரொறன்ரோ, மெல்பேண் முதலாய இடங்களில் வாழும் அன்பர்கள், பெட்டிகளின் அடியிலும் அலுமாரிகளின் மேலுங் கிடந்தவற்றைத் தேடியெடுத்து அனுப்பினர். நாடாக்கள் வந்தன, இறுவட்டுக்கள் வந்தன, விரலளவான பென்டிரைவுகளும் வந்தன. அவற்றைத் திறந்து பார்த்து நிரற்படுத்தும் பணி எம்மிடம் ஒப்புவிக்கப்பட்டது. தமிழாசிரியருக்கும் கணனிக்கும் யாது தொடர்பு என நகைத்தாரும் உளர். தொடர்பு உண்டென்பதை யாம் போகப்போகக் கண்டுகொண்டோம்.

வந்தவற்றுள் எளிதில் இயங்கியவை பல. இயங்க மறுத்தவையோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக மறுத்தன. ஒன்று ஒலி தந்து உருவத்தை மறைத்தது. ஒன்று உருவம் தந்து ஊமையாயிருந்தது. ஒன்றிற் பேச்சாளர் வாயசைத்து இரண்டு விநாடி கழிந்தபின் சொல் வந்தது. மற்றொன்று எமது மடிக்கணனியிற் செவ்வனே ஓடியது. பிரதான மண்டபத்துத் தொலைக்காட்சியிற் செருகியபோது, இக்கோப்பை இயக்கவியலாது என அறிவித்துவிட்டுச் சும்மா இருந்தது. அதிபரும் பழைய மாணவர் சிலரும் நாற்காலிகளில் அமர்ந்து காத்திருக்க, யாம் அத்தொலைக்காட்சியின் முன்னே நின்ற நிலையை வாசகர் தாமே எண்ணிக்கொள்வாராக.

இவற்றுள் ஒன்றைப்பற்றி ஈண்டுச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். எமக்கும் எமக்கு முன்னிருந்த பல வகுப்பினர்க்கும் இலக்கணம் அறிவுறுத்திய ஆசிரியர் ஒருவர் 2002 ஆம் ஆண்டில் ஓய்வுபெற்றார். அவருக்கு நிகழ்ந்த பிரியாவிடையைப் படப்பிடிப்பாளர் ஒருவர் பதிந்து மூன்று இறுவட்டுக்களில் இட்டுக் கொடுத்தார். ஒன்று ஆசிரியர் இல்லத்தில் இருந்தது. ஒன்று கல்லூரியில் இருந்தது. ஒன்று விழாக்குழுச் செயலாளரிடம் இருந்தது. ஆசிரியர் இன்று நம்மிடையே இல்லை. அவர் இல்லத்து வட்டு, புதிய கணனி வாங்கிய காலத்தில், படம் வரவில்லையென்று எறியப்பட்டது. கல்லூரி வட்டுக்கும் அக்கதியே நேர்ந்தது. எறிந்தவர் யாரென ஆராய யாம் புகவில்லை. எம் கையாலேயே எறிந்திருத்தலுங் கூடும். எஞ்சிய மூன்றாம் வட்டு எம்மிடம் வந்தபோது அதுவும் குரலை மட்டுமே தந்தது. திரை கரியதாய் நின்றது. கணனி திருத்தும் இளைஞர் ஒருவரிடம் கொண்டு காட்டினோம். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இது பழுதாப் போச்சு சேர், இனி ஒண்டுஞ் செய்யேலாது" என்று திருப்பித் தந்தார்.

அன்றிரவே வேறொரு மென்பொருளைக் கொண்டு அவ்வட்டைத் திறந்தோம். ஆசிரியர் பொன்னாடையோடு எழுந்து நின்றார். வரவேற்புரை வாசித்த மாணவன் ழகரத்தை ளகரமாக உச்சரித்ததை மேடையிலேயே எடுத்துக்காட்டி, அவனை அருகழைத்து மும்முறை சொல்லச்செய்து, அதன் பின்னரே தம் ஏற்புரையைத் தொடங்கினார். அவர் நாவின் அசைவை யாம் மீண்டுங் கண்டோம். குரலை மட்டும் கேட்டிருப்பின் அக்காட்சி எமக்குக் கிட்டியிராது.

குற்றம் வட்டில் இல்லை. அவ்வாறாயிற் குற்றம் எங்கே என்பது விளங்கவேண்டும்.

காணொளிக் கோப்பு என நாம் வழங்குவது ஒரு பெட்டி. அதனுள்ளே உருவம் ஒரு பொதியாகவும் ஒலி வேறொரு பொதியாகவும் வைக்கப்பட்டிருக்கும். ஏ.வி.ஐ., எம்.ஓ.வி., எம்.பி.4, எம்.கே.வி. எனக் கோப்பின் பெயரிறுதியிற் காண்பன பெட்டியின் பெயர்களேயன்றி உள்ளிருக்கும் பொருளின் பெயர்களல்ல. அசையும் உருவத்தை உள்ளவாறே வைப்பின் எந்த வட்டும் இடம்போதாது. ஆதலின் ஒரு முறைபற்றிச் சுருக்கிக் குறியீடாக்கி வைப்பர். அம்முறைக்குக் கோடெக் என்பது பெயர். எம்முறையாற் சுருக்கினரோ அம்முறையறிந்த மென்பொருளே அதனை விரிக்க வல்லது. பெட்டியைத் திறக்கத் தெரிந்தும் ஒரு பொதியை விரிக்கத் தெரியாத மென்பொருள், தனக்குத் தெரிந்ததை மட்டும் தந்துவிட்டு மற்றதைப்பற்றி வாய்திறவாது இருந்துவிடும். எம் ஆசிரியரின் உருவம் இண்டியோ என்னும் முறையாற் சுருக்கப்பட்டிருந்தது. அஃது இன்டெல் நிறுவனத்தார் ஆக்கி 1990களிற் பெருவழக்காய் இருந்தது. பின்னாளில் அதிற் பாதுகாப்புக் குறைபாடுகள் காணப்பட்டமையின், புதிய கணனிகளில் அதற்கு இடமில்லாது போயிற்று. வட்டு மாறவில்லை, படிக்கத் தெரிந்தவர் வீட்டைவிட்டுப் போய்விட்டார், அவ்வளவே.

இதனை விளங்கிக்கொள்ள நம்மவர்க்கு வேறு உவமை வேண்டியதில்லை. பாமினி எழுத்துருவிலே தட்டச்சிட்ட கட்டுரைகள் இம்மலருக்கும் வந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் அவற்றைத் திறந்தால், ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமாய் ஏதோ ஒன்று தோன்றும். கட்டுரை பழுதாயிற்றென்று யாரும் எறிவதில்லை. பாமினி என உடனே அறிந்து எழுத்துருவைத் தேடுகின்றோம். அந்நிதானம் காணொளியிடத்து நமக்கு இன்னும் வரவில்லை.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் ஏட்டுச்சுவடி நிற்கின்றது. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வேறுபாடின்றி ஒரே வடிவின. காலும் ரகரமும் ஒன்றுபோலவே நிற்கும். எழுத்துக் கூட்டத் தெரிந்தவனும் ஏடு படிக்க அறியாது திகைப்பான். படிக்கவறியாதார் வீடுகளிலிருந்து எத்தனை ஏடுகள் ஆற்றுநீருக்கும் அடுப்புக்கும் போயின! அவ்வாறு போகாது எஞ்சியவற்றைச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் தேடித் தொகுத்துப் பல பிரதிகளை ஒப்புநோக்கி அச்சேற்றியிராவிடில், 1887 இற் கலித்தொகை நம் கைக்கு எட்டியிராது. தமிழாசிரியருக்கும் கணனிக்கும் உள்ள தொடர்பு யாதென வினவினார்க்கு விடை இதுவே. படிக்கத் தெரியாமையைப் பழுதென்று கருதி எறிதல் நமக்குப் புதிய நோயன்று.

இனி, இத்தனை முறைகள் ஏன் தோன்றின என்பது. 1991 இல் அப்பிள் நிறுவனத்தார் குயிக்ரைம் என்பதை வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் ஏ.வி.ஐ. பெட்டியை வெளியிட்டனர். பின்னர் வந்த ஒவ்வொருவரும் தத்தமக்கென ஒரு முறையும் அதை இயக்கத் தத்தமக்கென ஒரு மென்பொருளும் ஆக்கினர். ஒருவர் பூட்டுக்கு மற்றவர் திறப்பு உதவாதவாறு செய்வதிற் சிலருக்கு ஆதாயமும் இருந்தது. நாட்டுக்கு நாடு தொலைக்காட்சி முறைகளும் வேறுபட்டமை அதற்கு முன்னரேயுள்ள துன்பம். இங்கே பால் முறை, கனடாவில் என்.ரி.எஸ்.சி. முறை. யாழ்ப்பாணத்துத் திருமண வீடியோ நாடாவை ரொறன்ரோவிற் போட்டு, உருளும் கோடுகளை மட்டும் கண்ட உறவினர் எத்தனை பேர்!

பொதுமுறை காணும் முயற்சிகளும் நடந்தன. 2003 இல் வெளிவந்த எச்.264 என்னும் முறை மிகப் பரவியது. இன்று அதனை இயக்காத கருவி அரிது. அதற்குப் பின் 2013 இல் வந்த எச்.265 அதனினுஞ் சிறப்பாகச் சுருக்குவது. ஆயினும் அதன் உரிமங்கள் பலர் கையிற் பிரிந்து கிடக்கின்றமையின் எல்லா மென்பொருளும் அதனை ஏற்கவில்லை. 2017 முதல் ஐபோன்கள் இம்முறையிற் பதியத் தொடங்கின. விண்டோஸ் கணனிகள் பலவற்றில் அதனைக் காண்பதற்குத் தனியே ஒரு நீட்டிப்பை விலைகொடுத்து நிறுவவேண்டியிருக்கின்றது. நேற்று எடுத்த விளையாட்டுப் போட்டி இன்று திறவாமைக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. பழையன மட்டுமே திறவா என எண்ணுவார் இதனைக் கருதுக. உரிமக் கட்டணம் வேண்டாத ஏ.வி.1 என்னும் முறை 2018 இல் வெளியிடப்பட்டது. அதுவும் பழைய கருவிகளில் இயங்குவதில்லை. புதுமையே பொருத்தமின்மைக்கு விதையாதல் இத்துறையின் இயல்பு போலும்.

எம் ஆசிரியரை மீட்டுத் தந்த மென்பொருள் வீ.எல்.சி. என்பது. பரிசு நகரின் பொறியியற் கல்லூரி ஒன்றில் 1996 இல் மாணவர் முயற்சியாகத் தொடங்கி, 2001 இல் யாவர்க்கும் உரிய கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. 2000 ஆம் ஆண்டிலே தோன்றிய எவ்.எவ்.எம்பெக் என்னும் மற்றொரு கட்டற்ற முயற்சியின் துணைகொண்டு, வழக்கொழிந்த முறைகளையுங் கூட அஃது விரிக்கின்றது. விற்றவர் கைவிட்டவற்றை, விலை பெறாத மாணவரும் ஆர்வலரும் காத்து நிற்கின்றனர். இலாபம் கருதாப் பணிக்கு இதனினுஞ் சிறந்த சான்று எமக்கு இப்போது தோன்றவில்லை.

தீர்வெனக் கருதி நம்மவர் செய்யும் பிழைகளையுஞ் சொல்லவேண்டும். மாணவர் பலர் கோப்பின் பெயரிறுதியை மாற்றிவிட்டு முறையை மாற்றியதாக எண்ணுகின்றனர். சீனிப் போத்தலில் உப்பென்று சீட்டு ஒட்டினாற் சீனி கரிக்குமோ? வேறு சிலர் கிடைத்த மென்பொருளால் உருமாற்றி, உருமாறிய கோப்பு சிறியதாயிருத்தல் கண்டு மகிழ்ந்து, மூலத்தை அழித்துவிடுகின்றனர். இது மிகப் பொல்லாதது. பொதியைத் தொடாது பெட்டியை மட்டும் மாற்றுதல் ஒன்று. பொதியையே அவிழ்த்து வேறு முறையிற் சுருக்கிக் கட்டுதல் வேறு. முன்னையதால் இழப்பில்லை. பின்னையதாற் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் சிறிது குறையும், குறைந்தது மீளாது. ஏட்டைப் பார்த்து ஏடு எழுதியவர் ஒவ்வொருவரும் ஒரு பிழை சேர்த்தாற்போல என்க. வட்ஸ்அப்பில் அனுப்பிப் பெறுவதும் இத்தகையதே. யூரியூப்பில் ஏற்றிவிட்டோம், இனிக் கவலையில்லை என்பாரும் உளர். ஊரார் காண்பதற்கு அது நல்ல வழி. ஆயின் அங்கு நாம் காண்பது அவர்கள் மீளச் சுருக்கிய உருவமேயன்றி நாம் கொடுத்த மூலமன்று. திருவிழாவுக்கு மூர்த்தியை வெளியே எழுந்தருளச் செய்கின்றோம் என்பதற்காக மூலஸ்தானத்தை மூடிவிடுவதுண்டோ?

எமது கருத்து இது. வந்த கோப்பு எந்நிலையிலிருப்பினும் அதனை உள்ளவாறே காத்தல் வேண்டும். இயங்கவில்லை என்பது அழித்தற்குக் காரணமாகாது. அதனோடு யாவரும் காண்பதற்கென எச்.264 முறையில் எம்.பி.4 பெட்டியில் ஒரு பிரதி செய்துகொள்ளலாம். மண்டபத்துத் தொலைக்காட்சியும் அதனை மறுப்பதில்லை. நாடாக்களிலிருந்து புதிதாக எடுப்பவற்றை, இழப்பின்றிச் சுருக்கும் எவ்.எவ்.வீ.1 முறையில், மட்ரோஸ்கா எனப்படும் எம்.கே.வி. பெட்டியில் வைத்தல் நன்று. இவ்விரண்டின் இலக்கணமும் முறையே 2021 இலும் 2024 இலும் இணையத் தரநிலை அமைப்பினரால் யாவரும் அறிய வெளியிடப்பட்டுள்ளது. ஒரு நிறுவனம் மூடப்படினும், இலக்கணம் எழுதிக் கிடப்பின், பின்வருவான் ஒருவன் அதனைக் கொண்டு படிக்கும் கருவியை ஆக்கிக்கொள்வான். இடம் மிகுதியாக வேண்டுமே எனச் சங்கப் பொருளாளர் கூறுவார். கூறட்டும். ஒரு வன்தட்டின் விலை ஒரு விழாவின் பொன்னாடைச் செலவுக்கு மிகாது என்பது எம் கணக்கு.

பிரதிகள் ஓரிடத்தில் இருத்தலும் கூடாது. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் உடன் எரிந்தன. இதற்குமேல் இதனை விரிக்க மனம் எழவில்லை.

ஆசிரியரின் பதிவு இப்போது மூன்று இடங்களில் உள்ளது: கல்லூரி நூலகத்திலும், கொழும்புக் கிளைச் செயலாளரிடத்தும், ஆசிரியரின் மகளார் இல்லத்திலும். மூலக் கோப்பும் காட்சிப் பிரதியும் அருகருகே வைக்கப்பட்டு, எப்பெட்டி, எம்முறை, எவ்வாண்டு என்னும் குறிப்பும் தமிழில் எழுதிச் சேர்க்கப்பட்டுள்ளது. மகளார் அதனைக் கண்ட அன்று பேசவில்லை. மறுநாள் தொலைபேசியில் அழைத்து, "அப்பா கையிலை கட்டியிருக்கிற மணிக்கூடு இப்பவும் வீட்டிலை இருக்குது மாஸ்ரர்" என்று மட்டும் சொன்னார்.

எஞ்சியவை வீ.எச்.எஸ். நாடாக்கள் இரண்டு. ஒன்று 1988 ஆம் ஆண்டில் மேடையேறிய நாடகம் என்று உறையில் எழுதியிருக்கின்றது. மற்றதன் உறையில் எழுத்து அழிந்துவிட்டது. இந்நாடாவை இயக்கும் பொறியை இறுதிவரை செய்துவந்த யப்பானிய நிறுவனமும் 2016 உடன் அதனை நிறுத்திவிட்டது. பால் முறைப் பொறி ஓடும் நிலையில் எவரிடமேனும் இருப்பின் சங்கச் செயலாளருக்கு அறிவிக்குமாறு வேண்டுகின்றோம். நாடாக்களைத் தபாலில் அனுப்ப எமக்கு இசைவில்லை. பொறி இருக்கும் இடத்துக்கு யாமே கொண்டுவருவோம்.