விழுந்தால் வலிக்காத விமானம்

பேரன் விடுமுறைக்கு வந்தபோது என் கணினியில் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் என்ற விமான விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். 2020-இல் வந்த பதிப்பு. செயற்கைக்கோள் படங்களை வைத்து உலகத்தையே அமைத்திருக்கிறார்கள். புதுச்சேரிக்கு மேலே பறந்தேன். கடற்கரைச் சாலையும் நூல் பிடித்தாற்போன்ற தெருக்களும் தெரிந்தன. கண் கலங்கிவிட்டது.

ஆசையில் தாழப் பறந்து கடலில் விழுந்தேன். திரை கறுத்தது, மறுபடி தொடங்கலாம் என்றது. "இந்தத் தொந்தரவும் வேண்டாம் தாத்தா" என்று பேரன் விபத்துச் சேதம் என்ற அமைப்பையே நிறுத்திவிட்டான். இனி மோதினாலும் பறக்கலாமாம்.

இதுதான் எனக்கு ஒப்பவில்லை. இறக்கை முறிவதையும் தீப்பிடிப்பதையும் காட்டச் சொல்லவில்லை. அது வெறும் வேடிக்கை. பிரெஞ்சு வழியில் படித்த நாளில் செந்த்-எக்சுபெரியின் 'வோல் து நுய்' நாவலைப் படித்தேன். 1931-இல் வந்தது. அவரே தபால் விமானம் ஓட்டியவர். இரவுப் புயலில் சிக்கிய விமானிக்கு எரிபொருள் தீர்ந்துகொண்டே போகிறது. வீட்டில் மனைவி காத்திருக்கிறாள். விமானம் நொறுங்குவதை அவர் எழுதவே இல்லை. ஆனாலும் அந்தப் பக்கங்களை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

பேரன் ஊருக்குப் போனதும் சேதத்தை மறுபடி போட்டுக்கொண்டேன். விழுந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், கணினியை மூடிவிடுவேன். இப்போதெல்லாம் தரையிறக்கும்போது கை நடுங்குகிறது. வயதால் அல்ல. எத்தனை அழகான காட்சி இருந்தாலும் இந்த நடுக்கம் இல்லாவிட்டால் அதைப் பறப்பது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.